பூஜ்யம் பி.ஏ. திருகும் மறைக்கல்வி வகுப்பும்

0

மனித நாகரிகம் முழுவதும் நாற்பத்தேழரைப் பாகைச் சரிவில் நின்றுகொண்டிருக்கிறது. அந்தச் சரிவு அரைப் பாகை பிசகினால் பாலங்கள் விழும், கடிகாரங்கள் நிற்கும், பேரரசுகள் சரியும்.

இந்த வரிகள் என்னுடையவை அல்ல. 'பழனிமலை நுண்பொறியாளர் மற்றும் நீராவி ஆர்வலர் பேரவை'யின் நிறுவனத் தலைவர் திரு. டிக்சன், கொடைக்கானல் தேவாலயத்தின் பங்கு மன்றத்தில் ஆற்றிய தலைமையுரையின் தொடக்கம் இது. வாசிக்கும்போது உணர்ச்சிவசப்பட்டு நாற்பத்தைந்தரை என்று சொல்லிவிட்டார். இரண்டு பாகை பிசகியும் பாலம் எதுவும் விழவில்லை. பின்வரிசையில் யாரோ தும்மினார்கள், அவ்வளவுதான்.

கதை எங்கிருந்து வந்தது என்பதையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓர் எழுத்துப் பிழையிலிருந்து வந்தது. திருகிலும் நட்டிலும் சுற்றிச் சுற்றி ஓடும் பள்ளத்துக்கு மரை என்று பெயர். ஒருவரைப் பார்த்து 'மரை கழண்டுருச்சு' என்கிறோமே, அந்த மரை. இடையின ரகரத்தை எடுத்துவிட்டு வல்லின றகரத்தைப் போட்டால் மறை. அது வேதம். கிறிஸ்தவக் கோயிலில் வேதபாடத்தை மறைக்கல்வி என்கிறார்களே, அந்த மறை. இந்த இரண்டு எழுத்துகளுக்கு நடுவில்தான் டிக்சனின் மனைவி லீமா மாட்டிக்கொண்டாள்.

இன்னும் ஒரே ஒரு விளக்கம். நிஜ ரயில் எஞ்சினைப் பிரஷர் குக்கர் அளவுக்குச் சுருக்கி, அதையும் நிஜ ஆவியில் ஓட்டிப் பார்ப்பவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பழைய பிரிட்டிஷ் மரைகள்தான் வேண்டும். அதில் ஒரு குடும்பத்துக்கு பிரிட்டிஷ் அசோசியேஷன் என்று பெயர், சுருக்கமாக பி.ஏ. பூஜ்யம் பி.ஏ. திருகுதான் இருப்பதிலேயே பெரிது. ஒன்று பி.ஏ. அதைவிடச் சிறிது, இரண்டு அதைவிடச் சிறிது. எண் ஏற ஏற ஆள் சிறுத்துக்கொண்டே போவார். (பட்டதாரிகளைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப்படவில்லை.) ஒவ்வொன்றின் புரியிடைவெளியும், அதாவது மரையின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள தூரமும், முந்தையதில் பத்தில் ஒன்பது பங்கு. இந்தக் கதையின் பகுதிகளையும் அப்படியே பத்தில் ஒன்பதாகக் குறைத்துக்கொண்டு போவதாகத் திட்டம்.

1

தொடக்கங்கள்:

"அன்று கொடைக்கானலை மூடுபனி ஒரு வெள்ளைப் போர்வையாக—" (வேண்டாம். மூடுபனியைப் போர்வை என்று எழுதியவர்களை வரிசையில் நிறுத்தினால் ஏழு ரோடு சந்திப்பிலிருந்து அடிவாரத்து வத்தலக்குண்டு வரை டிராஃபிக் நின்றுவிடும்.)

"ரயிலே இல்லாத ஊரில் ரயில் எஞ்சின் செய்தவரின் கதை இது." (பரவாயில்லை. கொடைக்கானல் ரோடு என்ற ரயில் நிலையம் கொடைக்கானலில் இல்லை. மலை இறங்கி, பஸ்ஸில் எல்லோரும் வாந்தி எடுத்து முடித்த பிறகுதான் வருகிறது. ஆனால் இந்த வரி டிக்சனைக் கேலி செய்கிறது. அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.)

"லீமா மண்ணெண்ணெய் டம்ளரைக் கொல்லைச் சரிவில் கொட்டினாள்."

இதுதான் தொடக்கம். ஆனால் டம்ளருக்குள் என்ன இருந்தது என்று சொல்லாமல் கொட்ட முடியாது.

டிக்சன் ஒரு பள்ளிக்கூடத்தின் அறிவியல் லேபில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம் அவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. "டிக்சன், அந்த பீக்கர எடு." "டிக்சன், தவளை வந்துருச்சா?" ஓய்வு பெற்ற மறு மாதமே பேரவையைத் தொடங்கினார். தலைவர் டிக்சன். செயலாளர் டிக்சன். உறுப்பினர் லீமா. வீட்டின் முன்பக்க இரண்டு அறைகளை லீமா டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விட்டுக் குடும்பத்தை ஓட்ட, பின்பக்க அறையில் டிக்சன் தன் எஞ்சினைச் செய்தார். பித்தளைக் கொதிகலன், நான்கு சக்கரம், ஒரு விசில். கொதிகலனின் உச்சியில் தண்ணீர் ஊற்ற ஒரு துளை. அந்தத் துளைக்கு மூடியாக ஒரு திருகு.

அந்தத் திருகு எப்படி வந்தது தெரியுமா? ஒரு நாள் டிக்சன் ஸ்கூட்டருக்குப் பஞ்சர் போடப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு மோதிரப் பெட்டி. பெட்டிக்குள் பஞ்சு. பஞ்சுக்குள் திருகு.

"பார்சல் வந்துருச்சு லீமா. பர்மிங்காம். பூஜ்யம் பி.ஏ. இந்தியாவுலயே இது இப்ப எங்கயும் கெடைக்காது."

"தலையில என்னங்க, எட்டு புள்ளி எட்டுன்னு போட்டிருக்கு?"

"அது அந்தக் காலத்துப் பட்டறை முத்திரை. சொன்னா ஒனக்குப் புரியாது."

லீமா அதை எட்டாம் அதிகாரம், எட்டாம் வசனம் என்று எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வாசகம் போல. பைபிளின் எந்த ஆகமத்தில் என்றுதான் தெரியவில்லை. தபால்காரர் வீட்டுப் பக்கம் வராதது அவள் மனதில் படவில்லை. இதை எழுதிக்கொண்டு வரும்போது எனக்கும் முதலில் படவில்லை.

2

லீமா மண்ணெண்ணெய் டம்ளரைக் கொல்லைச் சரிவில் கொட்டினாள். (இப்போது சரி.)

பங்கு மன்றத்தில் டிக்சன் நடத்தவிருந்த வகுப்புக்கு முந்தின நாள். திருகை மினுமினுக்கக் கழுவிவைக்க வேண்டும் என்று டிக்சன் அடுக்களையிலிருந்தே ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து, அதில் மண்ணெண்ணெய் ஊற்றி, திருகைப் போட்டுவிட்டு, குழாயடியிலேயே மறந்துவிட்டார். கோயம்புத்தூர் பார்ட்டி வரப்போகிறது என்று லீமா வெள்ளனேயிருந்து கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். குடிக்கிற டம்ளரில் மண்ணெண்ணெய் நாற்றம். இவர் திருந்த மாட்டார் என்று வீசிக் கொட்டினாள். சரிவில் ஒரு கல்லில் 'டிங்' என்று கேட்டது.

டம்ளருக்குள் திருகு இருந்தது என்று அந்த 'டிங்'கில்தான் அவளுக்கு விளங்கியது.

தேடப் போயிருப்பாள். ஆனால் சரிவில் காட்டுமாடு ஒன்று நின்றது. ஊருக்குள் உலவும் காட்டுமாடுகளில் அது கொஞ்சம் நிதானமான பேர்வழி. லீமாவை ஒருமுறை பார்த்தது. பிறகு அவள் வளர்த்த நீலப் பூச்செடியை வேரோடு பிடுங்கித் தின்ன ஆரம்பித்தது. தின்று முடித்ததும், திருகு விழுந்ததாக அவள் நினைத்த இடத்திலேயே படுத்துக்கொண்டது.

(இங்கே வாசகர் கேட்பார்: புருஷனிடம் சொல்லிவிட்டால் என்ன? எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. லீமா பயந்த பெண் இல்லை. வாடகை தராமல் நழுவப் பார்த்த ஒரு பார்ட்டியை பஸ் ஸ்டாண்டு வரை துரத்திப் போனவள். ஆனால் அன்று காலையில் டிக்சன் கண்ணாடி முன்னால் நின்று "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே" என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கதவிடுக்கில் பார்த்திருந்தாள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வாள்?)

ஊருக்குள் மூஞ்சிக்கல் பகுதியில் இருக்கும் மனோஜ்குமாரின் டூவீலர் ஸ்பேர்ஸ் கடைக்கு ஓடினாள். திருகோடு வந்த வளையம் குழாயடியிலேயே கிடந்தது. அதைக் கையில் வைத்திருந்தாள்.

"என்னக்கா, வண்டி மக்கர் பண்ணுதா?"

"வண்டி இல்லப்பா. இந்த வளையத்துக்குள்ள போற மாதிரி ஒரு திருகு. வெரசா குடு."

மனோஜ்குமார் வளையத்தை விரலில் சுழற்றிப் பார்த்தான். "ஆறு எம்எம்முக்கா. இந்தாங்க. ஊர்ல ஓடுற எல்லா வண்டியிலயும் இதான்."

லீமா திருகின் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மொட்டைத் தலை.

"இதுல நம்பர் இல்லையே. எட்டு புள்ளி எட்டுன்னு இருக்கணுமே?"

"ஓ, அதக் கேக்குறீங்களா. நம்பர் போட்டது தீந்துபோச்சுக்கா. கடைசியா ஒண்ணு கெடந்துச்சு, அத நம்ம—"

அப்போது லீமாவின் போன் அடித்தது. கோயம்புத்தூர் பார்ட்டி. வீட்டு வாசலில் காட்டுமாடு நிற்கிறதாம், காரை விட்டு இறங்கலாமா, கூடாதா? லீமா ஓடினாள். மனோஜ்குமாரின் வாக்கியம் கடையிலேயே நின்றுவிட்டது.

மொட்டைத் தலைத் திருகை அவளே கொதிகலனில் வைத்துத் திருகினாள். மறுப்பே சொல்லாமல் இறங்கியது. கடைசிவரை இறங்கி, கச்சிதமாக நின்றது. ஆறு எம்எம் ஆறு எம்எம்தானே, என்ன பெரிய வித்தியாசம் என்று மூச்சு விட்டாள். டிக்சன் வந்து தூரத்திலிருந்து பார்த்தார். "ஆங், அதது எடத்துல வச்சுட்டியா, நல்லது" என்று உரையை மனப்பாடம் செய்யப் போய்விட்டார்.

(இந்தப் பகுதி முதல் பகுதியில் பத்தில் ஒன்பதாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. எழுத்தில் எனக்கு மரை பிடிப்பதில்லை.)

3

டிக்சன் ஃபிளெக்ஸ் கடைக்கு எழுதிக் கொடுத்தது: 'பிரிட்டிஷ் மரைக்கல்வி: அறிமுக வகுப்பு. நேரடி நீராவி இயக்கம் உண்டு.'

ஃபிளெக்ஸ் கடைக்காரர் பக்திமான். பாவம், டிக்சன் அண்ணனுக்குத் தமிழ் தடுமாறுகிறது என்று அவராகவே திருத்தி அச்சடித்தார்: 'பிரிட்டிஷ் மறைக்கல்வி.'* கோயிலில் பூசை முடிந்து அறிவிப்பு வாசிப்பவரும் அதையே வாசித்தார். 'நேரடி நீராவி' என்பதை மட்டும் அவர் 'நேரடி ஆவி' என்று வாசித்துவிட்டார்.

மன்றம் நிறைந்துவிட்டது.

மூன்று பேர் வந்தால் அதிகம் என்றுதான் லீமா நினைத்திருந்தாள். திருகின் மொட்டைத் தலை கண்ணில் படாதபடி அந்த மூன்று பேரையும் பின்னால் தள்ளி உட்கார வைத்துவிடலாம் என்பது அவள் கணக்கு. வந்தவர்களோ பங்கின் பெண்கள் முழுப்பேரும், கையில் செபமாலையோடு. பிள்ளைகள் முழுப்பேரும், வகுப்புக்குச் சர்டிபிகேட் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு. கூட்டத்தைப் பார்த்து டிக்சன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"பாத்தியா லீமா? மக்கள்ட்ட ஆர்வம் இருக்கு. நாமதான் அவங்கள கண்டுக்காம விட்டுட்டோம்."

சிறப்பு விருந்தினர் சிவமுருகன், பழனியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற எக்ஸிகியூட்டிவ் எஞ்சினியர். ஃபிளெக்ஸின் போட்டோவை வாட்ஸப்பில் பார்த்துவிட்டு, எல்லா மறையும் நம்மிடமிருந்துதான் போயிற்று என்று ஒரு பேச்சு தயாரித்து வந்திருந்தார். மரை என்று தெரிந்த பிறகும் பேச்சில் ஒரு வார்த்தையைக் கூட அவர் மாற்றவில்லை. யாருக்கும் வித்தியாசம் தெரியவும் இல்லை.

* டிக்சன் ஃபிளெக்ஸைப் படிக்கவில்லை. அதில் தன் போட்டோவை மட்டும்தான் பார்த்தார்.

4

லீமா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பாட்டுக்குழு ஆக்ஸிலியா.

"லீமாக்கா, பாடம் எப்ப தொடங்கும்?"

"இதான் பாடம்."

"இதுவா? மொதல்ல நாப்பத்தஞ்சரைன்னாரு, இப்ப நாப்பத்தேழரைங்கிறாரே. நாப்பது தவக்காலம், சரி. மிச்ச ஏழரை யாருக்கு?"

எனக்குத்தான் என்று லீமா நினைத்தாள்.

மேடையில் டிக்சன் எஞ்சினைச் சுற்றி நடந்துகொண்டே பேசினார். பி.ஏ. மரை எப்படிப்பட்ட பிரிட்டிஷ் பொக்கிஷம் என்றார். (அந்தப் பொக்கிஷத்தின் வடிவம் கடிகார நாடான சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது, அதன் அளவெல்லாம் மில்லிமீட்டரில்தான் என்பதை டிக்சன் எங்கோ படித்திருந்தார். படித்த பக்கத்தை மடித்து மூடிவிட்டார்.) பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப நான் சொல்லப்போறது முக்கியம். டூவீலர்ல போடுற சாதாரண மெட்ரிக் ஆறு எம்எம் திருகு ஒண்ணு இருக்கு. பூஜ்யம் பி.ஏ.வும் அதே ஆறு எம்எம் தடிமன்தான். ரெண்டும் ஒரு சுத்துக்கு ஒரு மில்லிதான் எறங்கும். பாத்தா ரெட்டப் பிள்ளைங்க. ஆனா மரையோட சரிவு வேற. அதுக்கு அறுபது பாகை, இதுக்கு நாப்பத்தேழரை. மாத்திப் போட்டா என்னாகும்?"

 லீமா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

"உள்ள போகும்! நல்லாவே போகும்! அங்கதாங்க ஆபத்து. கச்சிதமா உக்காந்த மாதிரி நடிக்கும். ஆவி ஏறி அழுத்தம் கூடுச்சுன்னா துப்பாக்கிக் குண்டு மாதிரி கெளம்பும். ஒரு புனிதமான துளைக்குள்ள அந்நியத் திருகு நொழையுறது, என்னைக் கேட்டா, அது ஒரு... பிள்ளைங்க இருக்காங்க, அந்த வார்த்தைய நான் சொல்ல மாட்டேன்."

"சேசுவே" என்றாள் ஆக்ஸிலியா, மனம் உருகி. "பொய்ப் போதனை நொழையுற தப்பறைய எவ்வளவு எளிமையா வெளக்குறாரு!"

கடைசிவரை இறங்கிக் கச்சிதமாக நின்ற அந்தத் திருகு இப்போது லீமாவின் தொண்டைக்குள் நின்றது. மறுப்பே சொல்லாமல் இறங்கியதே, அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா?

"பிள்ளைங்கள்லாம் முன்னாடி வாங்க" என்றார் டிக்சன். "கிட்ட வந்து பாருங்க."

5

ஸ்பிரிட் அடுப்பைப் பற்றவைத்தார். தீ நீலமாக எரிந்தது. பிள்ளைகள் மேசையைச் சுற்றி முண்டியடித்தார்கள். எல்லோரையும் விட உயரத்தில் ஒரு பொடியன், இன்னொருவன் தோளில். சிறப்பு விருந்தினர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்தைக் கொதிகலனுக்கு நேர் மேலே கொண்டுபோய், "தண்ணி எங்க ஊத்துனீங்க?" என்று கேட்டார்.

"இதோ, இந்தத் திருகு வழியா" என்று டிக்சன் சுட்டினார். அவர் முகமும் அங்கேதான் இருந்தது.

பிரஷர் மீட்டரின் முள் அசைந்தது.

லீமாவுக்குத் தெரிந்த நீராவி குக்கர் நீராவிதான். ஒருமுறை அடுக்களையில் குக்கரின் சேஃப்டி மூடி தெறித்து, சாம்பார் கூரையில் ஓவியம் போட்டது. கூரையில் அந்த மஞ்சள் இன்னும் இருக்கிறது. டிக்சனின் கன்னத்தை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள். பார்க்க முடியவில்லை.

சொன்னால் என்ன நடக்கும் என்றும் யோசித்தாள். 'நிப்பாட்டுங்க, அது மூஞ்சிக்கல் ஸ்பேர்ஸ் கடை போல்ட்டு.' வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவரை சார் என்று கூப்பிடும் கூட்டத்துக்கு முன்னால், பர்மிங்காம் என்று அவர் சொல்லி வாயை மூடாத நேரத்தில். மனிதர் அதோடு பின்பக்க அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வார். வெளியே வர மாட்டார்.

முள் இன்னும் கொஞ்சம் ஏறியது.

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன்.

(அ) திருகு தெறித்து மன்றத்தின் ஓட்டைத் துளைத்துக்கொண்டு— (வேண்டாம். தோளில் ஒரு பொடியன் இருக்கிறான். எனக்கு அந்த அளவுக்குத் துணிச்சல் இல்லை.)

(ஆ) ஒன்றும் ஆகவில்லை, எஞ்சின் கூவியது, எல்லோரும் கை தட்டினார்கள், லீமா ஆயுள் முழுக்க வாயைத் திறக்கவில்லை. (இது முடிவு இல்லை, கல்யாணம்.)

(இ) லீமா எழுந்து நின்றாள்.

(இ)யை வைத்துக்கொள்கிறேன். அவள் எழுந்தபோது பிளாஸ்டிக் நாற்காலியும் கூடவே இடுப்பில் மாட்டிக்கொண்டு எழுந்தது. ஆக்ஸிலியா பிடித்து இழுத்தாள்.

"என்னங்க!"

மன்றம் திரும்பிப் பார்த்தது. சாட்சியம் சொல்லப்போகிறாள் என்று நினைத்து இரண்டு பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"என்னங்க, அந்தத் திருகு... அது பர்மிங்காம்லேருந்து வந்ததில்ல. அது வந்து, மனோஜ்குமார் கடை—"

அவள் முடிக்கவில்லை. அதற்குள் டிக்சன் பாய்ந்து ஸ்பிரிட் அடுப்பை ஊதி அணைத்துவிட்டார். ஊதிய வேகத்தில் சிறப்பு விருந்தினரின் மாலையிலிருந்து சம்பங்கிப் பூ இரண்டு பறந்தது.

"தண்ணி பத்தல" என்றார் டிக்சன். முகம் வெளிறியிருந்தது. "தண்ணி பத்தாம ஓட்டுறது தப்பு. பாதுகாப்பு முக்கியம். எல்லாரும் டீ சாப்பிடுங்க. பன்னு இருக்கு."

6

நிகழ்ச்சி அதோடு முடிந்தது. பன்னு நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த மறைக்கல்வி எப்போது என்று ஆக்ஸிலியா கேட்டாள். எஞ்சினை ஒரு பழைய போர்வையில் சுற்றி, இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஏறினார்கள். (மூடுபனி இருந்தது. போர்வை எஞ்சினுக்கு மட்டும்தான்.)

லீமாவுக்கு நெஞ்சு லேசாகியிருந்தது. மனுசன் எவ்வளவு நல்லவர், பாதி சொன்னதுமே புரிந்துகொண்டாரே, என்னைக் காட்டிக் கொடுக்காமல் தண்ணீர் மேல் பழியைப் போட்டாரே என்று அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நடந்தாள். டிக்சன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு வளைவில் மட்டும் நின்றார்.

"லீமா."

"ம்."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

என்ன தெரியும் என்கிறார் என்று லீமாவுக்கு விளங்கவில்லை. நேற்றுதான் என்று சொல்வதா, மன்னிச்சிருங்க என்று சொல்வதா, அல்லது எதைக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பதா? அவள் வாயைத் திறந்தாள்.

அவள் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் அந்த இருவரும் வீடு போய்ச் சேர வேண்டும், எஞ்சின் கீழே விழக் கூடாது, அவ்வளவுதான் என் கோரிக்கை. எழுதத் தொடங்கும் முன் மூஞ்சிக்கல் கடையில் நின்றுபோன ஒரு வாக்கியத்தை மட்டும் முடித்துத் தந்துவிடுகிறேன். மனோஜ்குமார் சொல்ல வந்தது இது:

"கடைசியா ஒண்ணு கெடந்துச்சு, அத நம்ம டிக்சன் அண்ணன்தான் பஞ்சர் போட வந்தப்ப வாங்கிட்டுப் போனாரு."